மலைக்கு மேற்கே ஓர் ஊர்

திருவண்ணாமலைக்கு வருவோர் பெரும்பாலும் கிழக்கிலிருந்தே அந்த மலையைக் காண்கிறார்கள். பதினொரு நிலைகளுடன் 217 அடி உயர்ந்து நிற்கும் ராஜகோபுரமும், அதன் பின்னே 2,668 அடி உயரத்துக்கு எழும் மலையும் சேர்ந்த தோற்றமே நாட்காட்டிகளிலும் பூசையறைப் படங்களிலும் இடம்பெற்றுவிட்டதால், அதே மலைக்கு மேற்கு முகம் ஒன்று உண்டு என்பதும், அம்முகத்தைத் தன் அன்றாட அடையாளமாகக் கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர் ஒன்று உண்டு என்பதும் பலர் நினைவுக்கு வருவதில்லை. கடற்கரையிலிருந்து வெகு தொலைவில், பேராறு எதுவும் பக்கத்தில் ஓடாத வறண்ட உள்நாட்டுச் சமவெளியில் அமைந்த அடி அண்ணாமலை அத்தகைய ஊர். மலை கிழக்கே மறைத்து நிற்பதால் இங்கே பொழுது புலர்ந்த பிறகும் கதிரவனைக் காண நேரமாகிறது; குறிப்பாக, கதிரவன் தென்கிழக்கில் உதிக்கும் மார்கழி மாதத்தில், நகரத்துத் தெருக்களில் வெயில் ஏறிய பிறகும் இந்த ஊரின் வாசற்கோலங்கள் மலையின் நிழலிலேயே கிடக்கின்றன.

ஊருக்கு வரும் வழி கிரிவலப் பாதைதான். கிரிவலம் என்பது மலையையே சிவலிங்கமாகக் கருதி, அதனை வலப்பக்கத்தில் கொண்டு கால்நடையாகச் சுற்றிவரும் வழிபாடு. பாதையின் நீளம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். எட்டுத் திசைகளுக்கும் ஒன்றாக இந்திரலிங்கம் முதல் ஈசானியலிங்கம் வரை எட்டுச் சிறு கோயில்கள் இப்பாதையில் அமைந்துள்ளன; நகரத்தில் தொடங்கித் தென்பகுதியில் செங்கம் சாலையோடு சென்று, பின் அச்சாலையை விட்டு வடக்கே திரும்பும் பாதையில், மேற்குத் திசைக்குரிய வருணலிங்கத்தைக் கடந்து வடமேற்குக்குரிய வாயுலிங்கத்தை அடைவதற்கு முன் அடி அண்ணாமலை வருகிறது. பாதிக்கு மேல் நடந்துவிட்ட களைப்பு கால்களில் தெரியத் தொடங்கும் இடம் இது என்பதால், வழிப்போக்கருக்குத் தண்ணீரும் உட்காரத் திண்ணையும் தருவது இவ்வூரின் பழைய வழக்கங்களுள் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை. 1896ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்த ரமண மகரிஷி, 1926 வரை அடியார்களுடன் பலமுறை மலையைச் சுற்றி நடந்திருக்கிறார். அந்நாட்களில் பாதை வெறும் மண்தடமாகவும், இரவில் விளக்கற்றதாகவும் இருந்தமையால், வழியிலுள்ள ஊர்களின் ஈரநெஞ்சை நம்பியே அந்த நடைகள் நிகழ்ந்தன.

ஊரின் நடுவே ஆதி அருணாசலேசுவரர் கோயில் உள்ளது. பிரமன் நிறுவிய முதல் லிங்கம் இதுவே என்பது தலபுராணம் கூறும் செய்தி; நகரத்துப் பெருங்கோயிலின் பரப்போ கோபுரங்களோ இதற்கு இல்லை என்றாலும், முதன்மை தங்களுடையது என்ற எண்ணம் ஊராரிடம் அமைதியாக நிலைத்திருக்கிறது. இக்கோயிலுக்கு அருகில் கிரிவலப் பாதையை ஒட்டி மாணிக்கவாசகருக்குத் தனிக்கோயில் ஒன்று அமைந்திருப்பது இந்த ஊரின் கூட்டுவாழ்க்கையைப் புரிந்துகொள்ள மிகவும் பயன்படும் செய்தியாகும். அவர் அருளிய திருவாசகத்துள் அடங்கிய திருவெம்பாவை, திருவம்மானை ஆகிய இரண்டும் திருவண்ணாமலையில் அருளப்பட்டவை என்று திருமுறை மரபு குறிக்கிறது. மார்கழி விடியலில் பெண்கள் வீடுவீடாகச் சென்று தோழியரை எழுப்பித் திரட்டிக்கொண்டு நீராடப் போவதை மாணிக்கவாசகர் கண்ட இடம் அடி அண்ணாமலையே என்பது ஊர் வழக்கு. இருபது பாடல்கள் கொண்ட திருவெம்பாவையின் முற்பகுதி முழுவதும் உறங்குகிறவளை எழுப்பும் உரையாடலாகவே நடப்பதைக் கருத்தில் கொண்டால், எழுந்தவர்கள் தாமாகப் போய் நீராடிவிட்டுத் திரும்பியிருக்கலாமே என்ற கேள்விக்கு அந்த நூல் இடமே தரவில்லை என்பது புலனாகும்: ஒருத்தியை உறங்கவிட்டுவிட்டு மற்றவர்கள் செல்வது அந்த உலகில் நிகழாத செயல். திருவம்மானையும் மகளிர் பலர் சேர்ந்து காய்களை எறிந்து பிடித்து ஆடும் அம்மானை விளையாட்டின் வடிவில் அமைந்தது என்பதையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வீட்டு வாசல்களில் தொடங்கிய இந்த வழக்கம் கடல் கடந்தும் சென்றது. தாய்லாந்தின் பாங்காக் நகரில் அரசவைப் பிராமணர் நடத்தும் திரியம்பாவை என்னும் சடங்கு திருவெம்பாவையின் பெயரையே தாங்கி நிற்பதையும், அங்கே பொதுவெளியில் நடந்துவந்த பெரும் ஊஞ்சல் விழா 1935க்குப் பிறகு நின்றுபோனாலும் கோயிலுக்குள் சடங்கு தொடர்வதையும் அறிஞர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். இவ்வூரில் மார்கழி விடியற்காலையில் பிள்ளைகளைத் திரட்டிப் பாடவைக்கும் பெண்களுக்கு அந்தச் செய்தி தேவைப்படவில்லை. பாட்டு அவர்களுக்கு ஊர்ப்பாட்டாகவே இருக்கிறது.

சேர்ந்து செல்லுதல் என்னும் இந்த ஒழுக்கம் பக்தியிலிருந்து மட்டும் பிறந்தது என்று கொள்வது பொருந்தாது; நீரின் அருமையும் அதை வளர்த்திருக்கிறது. திருவண்ணாமலை வட்டாரத்தின் வேளாண்மை வானத்தையும் ஏரியையும் நம்பியது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் பெறும் நீரைத் தேக்கிவைக்க, சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பி அமைக்கப்பட்டதே ஏரி. கரையிலிருந்து வயலுக்கு நீர் விடும் வாய் மதகு எனவும், நிரம்பிய பின் மிகுதி நீர் வழிந்தோடும் கல்கட்டு கலங்கல் எனவும், ஏரியால் பாசனம் பெறும் நிலப்பரப்பு ஆயக்கட்டு எனவும் வழங்கப்படுகின்றன. ஒரு கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஊர் ஏரிக்கு வரத்தாகிறது என்பதால், ஓர் ஊர் தன் ஏரியைப் பராமரிக்காமல் விட்டால் கீழே உள்ள ஊரும் துன்புறும். இந்த அமைப்பை மேற்பார்த்து, எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு நீர் என்று முறைவைத்து விடுபவர் நீர்க்கட்டி என்றும் வேறு பல பெயர்களாலும் அழைக்கப்படும் ஊர்ப்பணியாளர். அறுவடையின்போது களத்திலேயே அவருக்கு நெல் அளக்கப்படும். கரையை உயர்த்துதல், வரத்துக் கால்வாயைத் தூர்வாருதல் முதலிய வேலைகளுக்கு ஒவ்வொரு குடும்பமும் ஆள் தர வேண்டும் என்ற ஏற்பாடு குடிமராமத்து எனப்பட்டது. பிரிட்டிஷ் அரசு 1858இல் சென்னை மாகாணத்துக்கெனக் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றை இயற்றி இதனைச் சட்டத்தால் நிலைநிறுத்த முயன்றது. ஊரார் தம் நன்மைக்காகத் தாமே செய்துவந்த பணி, தண்டனைக்கு அஞ்சிச் செய்யும் பணியாக மாற்றப்பட்டபோது அது தளர்ந்தது என்பது எண்ணிப் பார்க்க வேண்டிய வரலாறு. தமிழ்நாடு அரசு 2017இல் அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கிப் பல மாவட்டங்களில் ஏரிகளைத் தூர்வாரியது பாராட்டத்தக்கதே எனினும், பொக்லைன் இயந்திரம் ஒரு பகலில் முடிக்கும் வேலையில் ஊர் கூடி நிற்பதற்கான தேவை குறைந்துவிடுகிறது என்பதையும் மறைக்க இயலாது.

ஏரிநீர் எட்டாத மேட்டு நிலங்களில் வேர்க்கடலையே முதன்மைப் பயிர். வடமாவட்டங்களில் அதனை மல்லாட்டை என்றும் மணிலா என்றும் சொல்வார்கள். மழையை நம்பிய மல்லாட்டையை ஆடியை ஒட்டி விதைத்து ஐப்பசி வாக்கில் பிடுங்குகிறார்கள். கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் மார்கழியில் விதைத்து இன்னொரு போகம் எடுக்கிறார்கள். செடியைப் பிடுங்கியபின் அதிலிருந்து காயைப் பிரிக்கும் வேலை காய் ஆய்தல் எனப்படும். இதற்கு அவசரமும் கைகளும் மிகுதியாக வேண்டும், ஏனெனில் பிடுங்கிய செடி மழையில் நனைந்தால் காய் முளைவிட்டுவிடும். ஆகவே அண்டை வீட்டுப் பெண்கள் குழுவாக அமர்ந்து இன்று ஒரு நிலம், நாளை மறு நிலம் என்று ஆய்ந்து முடிக்கிறார்கள். ஊரின் செய்திகள் முழுவதும் பரிமாறப்படும் இடமும், திருமணப் பேச்சு தொடங்கும் இடமும், கடன் கேட்பதும் கொடுப்பதும் நடக்கும் இடமும் அந்தக் களமே என்பதால், இதனை வெறும் கூலிவேலை என்று கணக்கிடுவது குறைபட்ட கணக்காகும். காலையும் மாலையும் பால் சொசைட்டியின் முன் தூக்குப் பாத்திரங்களுடன் நிற்கும் வரிசையும் இத்தகையதே. பாலின் கொழுப்பைச் சோதித்து அளந்து வாங்கும் இக்கூட்டுறவுச் சங்கங்கள், ஒரே மாடு வைத்திருக்கும் குடும்பத்துக்கும் வாராவாரமோ மாதாமாதமோ கையில் பணம் சேர வழிசெய்தன. மகளிர் சுயஉதவிக் குழு என்னும் அமைப்பு, அதாவது பத்துப் பதினைந்து பெண்கள் கூடிச் சேமித்து அச்சேமிப்பிலிருந்தே ஒருவருக்கொருவர் கடன் கொடுத்து, பின் வங்கிக் கடனுக்கும் கூட்டாகப் பொறுப்பேற்கும் முறை, தமிழ்நாட்டில் 1989இல் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்தில்தான் முதலில் வேரூன்றியது. வயலில் சேர்ந்து காய் ஆய்ந்து பழகிய பெண்களுக்கு அது புதுப் பழக்கமாகத் தோன்றியிருக்காது.

வேலைக்குச் சேர்கிறவர்கள் இரவுகளுக்கும் சேர்கிறார்கள். தெருக்கூத்து வேரூன்றிய வடதமிழகத்தில் அமைந்தது திருவண்ணாமலை மாவட்டம். தெருக்கூத்துக்குப் பெயர்பெற்ற கண்ணப்பத் தம்பிரானின் புரிசை செய்யாற்றுக்கு அருகில் இதே மாவட்டத்தில்தான் உள்ளது. இப்பகுதியின் திரௌபதி அம்மன் கோயில்களில் கோடையில் நடக்கும் பாரத விழாவில், பகலில் பிரசங்கியார் ஒருவர் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்ல, இரவில் அப்பகுதியே விடியவிடியக் கூத்தாக ஆடப்படுகிறது. உயர்ந்த மரத்தின் மீது ஏறி நடிகர் பாடும் அர்ச்சுனன் தபசும், மண்ணால் படுத்த உருவமாக அமைக்கப்பட்ட துரியோதனனைச் சுற்றி நடக்கும் படுகளமும், இறுதி மாலையில் தீமிதியும் விழாவின் உச்சங்கள். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் வார்க்கும் விழாவும் இதே வகையில் ஊர் முழுவதையும் வாசலுக்குக் கொண்டுவருகிறது. இவற்றுக்கான செலவு தலைக்கட்டு வரியால் திரட்டப்படுகிறது. தலைக்கட்டு என்பது திருமணமாகித் தனிக்குடும்பமான ஓர் ஆடவனைக் குறிக்கும் கணக்கு. செல்வர் மிகுதியாகக் கொடுக்கலாம். ஆனால் வறியவரும் தம் வரியைச் செலுத்தியே தீர வேண்டும் என்பதில் ஊர் கண்டிப்பாக இருக்கிறது, ஏனெனில் வரி கொடுத்தவருக்கே விழாவில் உரிமை. பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்ற இளைஞர்கள் வரியை அனுப்பிவிட்டுக் காப்புக் கட்டும் நாளில் ஊர் திரும்புவதற்கும் இதுவே காரணம். கைம்பெண் தலைமையில் உள்ள குடும்பங்களை இக்கணக்கு எப்படி நடத்துகிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடுகிறது. உரிமையை ஆடவன் பெயரில் மட்டும் எழுதும் வழக்கம் இனியும் தொடர வேண்டியதில்லை.

நகரத்துப் பெருங்கோயிலின் இறைவனாகிய அண்ணாமலையாரும் இந்த உறவுமுறைகளுக்கு உட்பட்டவராகவே இப்பகுதியில் வாழ்கிறார். தை மாதம் இரண்டாம் நாள், அதாவது மாட்டுப் பொங்கலன்று, நகரத்தில் திருவூடல் என்னும் விழா நடைபெறுகிறது. பிருங்கி முனிவருக்கு அருள்புரியச் செல்லும் இறைவனோடு அம்மன் ஊடல் கொண்டு கோயிலுக்குள் சென்று கதவடைக்க, சுந்தரர் தூது நடக்கிறார். அதனைத் தொடர்ந்து இறைவன் மலையைச் சுற்றி வருகிறார். மலையுச்சியில் ஏற்றப்படும் கார்த்திகைத் தீபத்துக்குப் பின்னும் ஒருமுறை அவ்வாறே வருகிறார். ஆக, ஆண்டுக்கு இருமுறை, மலையாக நிற்பவரே மலையை வலம்வரும் நாட்களில், பாதையோர ஊரார் சுவாமியை நிறுத்தி வழிபடுகிறார்கள். வழியில் எழுந்தருளும் இறைவனுக்கு ஒரு குடும்பமோ தெருவோ சமூகமோ பொறுப்பேற்றுச் செய்யும் படையலும் பூசையும் மண்டகப்படி எனப்படும். இதைவிட உருக்கமானது மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டில் நிகழ்வது. பதினான்காம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தன் தலைநகரங்களுள் ஒன்றாகக் கொண்டிருந்த ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளர், மதுரைச் சுல்தான்களோடு நடந்த போரில் 1342 வாக்கில் உயிரிழந்தார். அம்மன்னருக்குப் பிள்ளையில்லாததால் இறைவனே மகனானார் என்னும் நம்பிக்கையின்படி, அண்ணாமலையார் ஆண்டுதோறும் அக்கிராமத்தின் கௌதம நதிக்கு எழுந்தருளித் திதி கொடுக்கிறார். பேரரசர்களின் நினைவு கல்வெட்டுகளில் மட்டும் எஞ்சியிருக்க, இந்த மன்னர் ஒரு சிற்றூரில் நடக்கும் நீத்தார் கடனால் ஏறத்தாழ ஏழு நூற்றாண்டுகளாக நினைக்கப்படுகிறார். கார்த்திகைத் தீபத்தை ஏற்றும் உரிமையும் பர்வதராஜகுலம் என்னும் சமூகத்தாருக்கு உரியதாக வழிவழி வருகிறது. கோயிலின் உச்ச விழா ஒரு சமூகத்தின் உழைப்பில் நிற்கிறது என்பதை அது ஆண்டுதோறும் உறுதிசெய்கிறது.

ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஊரின் நிலை மாறுகிறது. முன்பு சிறு குழுக்களாகச் சென்ற கிரிவலம், கடந்த சில பத்தாண்டுகளில் லட்சக்கணக்கானோரின் நடையாகப் பெருகிவிட்டது. அண்மைக்காலத்தில் ஆந்திரம், தெலங்கானாவிலிருந்து வருவோர் மிகுந்ததால் கடைப் பலகைகளில் தெலுங்கும் இடம்பெற்றுள்ளது. சுக்குக் காப்பி, அவித்த கடலை, மூலிகைச் சாறு விற்கும் தள்ளுவண்டிகளும், அன்னதானப் பந்தல்களும், சாதுக்களின் வரிசையும் பாதையை நிறைக்க, வீட்டு முற்றங்கள் ஒரே இரவில் வாகன நிறுத்தங்களாகின்றன. வருவாய் வருகிறது, அதனோடு குப்பையும் வருகிறது. மறுநாள் காலை தட்டுகளையும் பிளாஸ்டிக் குவளைகளையும் வாரும் கைகள் துப்புரவுப் பணியாளருடையவை, அவற்றைப் பற்றி எந்தத் தலவரலாறும் பேசுவதில்லை. புண்ணியம் தேடி நடப்போர் தாம் குடித்த குவளையைக் கையிலேயே கொண்டு செல்லும் நாள் வர வேண்டும்.

ஊர் ஒற்றுமையைப் பேசும் எவரும் ஊரென்றும் காலனியென்றும் பிரிந்து கிடக்கும் குடியிருப்புகளைக் கடந்து பேசிவிட முடியாது. இதே மாவட்டத்தின் தென்முடியனூரில், பல பத்தாண்டுகளாக நுழைவு மறுக்கப்பட்டிருந்த பட்டியல் சாதி மக்கள், 2023 ஜனவரி 30 அன்றுதான், மாவட்ட நிர்வாகமும் காவல்துறையும் துணைநிற்க, முத்துமாரியம்மன் கோயிலுக்குள் சென்று பொங்கல் வைத்தனர். மலையைச் சுற்றும் பாதையில் யாரும் யாரோடும் தோள் உரசி நடக்கலாம்; அந்தச் சமன்மை ஊருக்குள் திரும்பும் சந்துகளிலும் தேர் போகும் தெருக்களிலும் தொடராத வரையில், கூட்டுவாழ்க்கை என்பதன் பாதி இன்னும் எழுதப்படாமலே இருக்கிறது.

மலையே இவ்வூர்களின் பொதுச்சொத்து என்பதால் அதனைக் காக்கும் பணியில் புதிய கூட்டுறவு ஒன்று உருவாகியிருக்கிறது. விறகுக்கும் மேய்ச்சலுக்கும் தீக்கும் இரையாகி மொட்டையாக நின்ற சரிவுகளில் 1980களின் பிற்பகுதியிலிருந்து மரம் நடும் முயற்சிகள் நடக்கின்றன. பின்னாளில் தி ஃபாரஸ்ட் வே என்னும் அறக்கட்டளை, இம்மண்ணுக்குரிய மரங்களை நாற்றாங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் மலையேறி நட்டு, கோடைக்கு முன் தீத்தடுப்புப் பட்டைகளை வெட்டிவருகிறது. தீத்தடுப்புப் பட்டை என்பது நெருப்பு தாவ முடியாதபடி காய்ந்த புல்லை அகற்றி விட்ட வெற்றுநிலக் கோடு. கோடை இரவில் சரிவில் நெருப்பு தெரிந்தவுடன் பச்சைக் கிளைகளால் அடித்து அணைக்க ஓடுவோரில் அடிவார ஊர்களின் இளைஞர்களும் அடங்குவர். கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது எழுந்த எதிர்ப்பையடுத்து, 2016இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் நகரத்தின் வ.உ.சி. நகர்ப் பகுதியில் மலைச்சரிவு சரிந்து ஏழு பேர் உயிரிழந்தது, சரிவுகளின் மேல் வீடுகள் ஏறுவதைப் பற்றிய எச்சரிக்கைகளை மிகுந்த துயரத்துடன் மெய்ப்பித்தது.

அதே 2024ஆம் ஆண்டில் திருவண்ணாமலை, சுற்றியிருந்த கிராம ஊராட்சிகள் பலவற்றை இணைத்துக்கொண்டு மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. ஆண்டுக்கு ஆறுமுறை கூடி, வரவு செலவைக் கேட்கவும் தீர்மானம் இயற்றவும் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இடமளித்த கிராமசபைக்குப் பதிலாக நகர்ப்புறத்துக்குரிய பகுதி சபைகள் அமைகின்றன. ஊரகப் பகுதிகளுக்கு மட்டுமே உரிய நூறுநாள் வேலை போய்விடும், வீட்டுவரி உயரும் என்ற அச்சம் இணைக்கப்பட்ட ஊர்களில் பரவலாக எழுந்தது. அந்த அச்சம் நியாயமானது; ஏனெனில் அந்த வேலைநாட்களில்தான் வரத்துக் கால்வாய்கள் தூர்வாரப்பட்டு வந்தன. ஆயக்கட்டு நிலங்களில் மனைக் கற்கள் நடப்படும் வேகத்தைக் காணும்போது, புதிய சபைகள் கூடும் முதல் நாளிலேயே அக்கால்வாய்களின் பழைய அளவுகளைப் புலப்படத்திலிருந்து எடுத்துப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும் என்று தோன்றுகிறது. மலையின் மேற்குச் சரிவில் பெய்யும் மழை ஏரிக்கு வந்து சேர அவற்றைத் தவிர வேறு வழியில்லை.